கடைமடைக்கு எப்போது வரும்? நிறுவன நெட்வொர்க்கை நிகழ்நேரத்துக்கு மாற்றுவது பற்றி

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. பிற்பகல் மூன்று மணி. எடைமேடையில் லாரி நிற்கிறது. 25 கிலோ பைகளில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, மதுரைக்குப் போகிற லோடு. ஓட்டுநர் வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எடைமேடை அறையில், கணினித் திரையின் நடுவே அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சரக்கோடு போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-வே பில் வராமல் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது.

“தம்பி, போன மாசம்தான் நூறு எம்பி லைன் போட்டேன். அப்பவும் சுத்துது. இருநூறா மாத்திடலாமா?” என்றார் முதலாளி.

டெல்டாவில் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிற எனக்கு இது பழகிப்போன கேள்வி. அவர் பாசனம் தெரிந்தவர் என்பதால் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. “அண்ணே, மேட்டூர்ல கூட ரெண்டாயிரம் கன அடி திறந்துட்டா கடைமடையில இருக்கிற தலைஞாயிறுக்கு மறுநாளே தண்ணி வந்துடுமா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாள் போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அப்புறம் ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டருக்கு ஷட்டர் நின்று கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள். நடுவில் ஒரே ஒரு வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்திருந்தால் போதும், அணையில் எவ்வளவு திறந்தாலும் கடைமடைக்காரர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். ‘லைன் எத்தனை எம்பி’ என்பது மேட்டூர்க் கணக்கு. பில் போடுகிற மேசைக்கு எத்தனை மில்லி நொடியில் பதில் வருகிறது என்பது கடைமடைக் கணக்கு. வியாபாரம் நடப்பது இரண்டாவதில். பணம் கொட்டுவதோ பெரும்பாலும் முதலாவதில்.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது?

முன்பு இந்த அவசரமே கிடையாது. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் பகல் முழுக்க பில் புத்தகத்தில் எழுதுவார்கள், இரவு கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஏற்றுவார். கணினி வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. கிளைக் கடையில் அடித்ததை ஃபிளாப்பியில் எடுத்து, பிற்பாடு பென் டிரைவில் எடுத்து, பஸ்ஸில் ஆள் மூலம் தலைமைக் கடைக்குக் கொடுத்தனுப்பியவர்களை எனக்குத் தெரியும். குவித்து வைத்து ஒரே மூச்சில் தள்ளுவது. கணினிக்காரர்கள் இதை ‘பேட்ச்’ என்பார்கள். அந்த முறையில் நெட் ஒரு மணி நேரம் போனாலும் யாருக்கும் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் இதிலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்டன. அமெரிக்காவின் வால்மார்ட் 1987-லேயே தன் கடைகளைச் சொந்தச் செயற்கைக்கோள் வலையில் இணைத்துவிட்டது. நம் தேசியப் பங்குச் சந்தை 1994-ல் வியாபாரத்தைத் தொடங்கியபோது, தரகர்கள் கூடிக் கூவும் கூடத்தையே வைத்துக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் செயற்கைக்கோளோடு பேசும் வி-சாட் தட்டு வைத்திருந்தால் சிறு நகரத்துத் தரகரும் மும்பைத் தரகரும் ஒரே திரையைப் பார்க்கலாம் என்றானது. 2000-களின் தொடக்கத்தில் ‘நிகழ்நேர நிறுவனம்’ என்ற பேச்சு எழுந்தது. விற்பனை, இருப்பு, பணம், சரக்கு எல்லாம் நடக்கிற நொடியிலேயே திரையில் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊர் முதலாளிகள் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

டெல்டாவுக்கு அது வேறு வழியில் வந்தது. வங்கியும் வரித்துறையும் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போயின. 2010 நவம்பரில் உடனுக்குடன் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ். 2016-ல் யுபிஐ. 2018 ஏப்ரலில் இ-வே பில். அப்புறம் பில்லை அரசுத் தளத்தில் பதிய வைக்கும் இ-இன்வாய்ஸ்: 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. 500 கோடிக்காரருக்குச் சென்னையில் கணினித் துறையே தனியாக இருக்கும். 5 கோடிக்காரருக்கு இருப்பது எடைமேடையில் ஒரு பையன், எப்போதாவது வந்து போகிற என்னைப் போன்ற ஒருவன். (வரி வரம்பைப் பார்த்து நம் ஆட்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையான லேபிள் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் சந்தையில் 26 கிலோ பை வந்துவிட்டது. நெட்வொர்க் விஷயத்தில் அப்படி ஒரு கிலோ கூட்டித் தப்பிக்க வழியில்லை.)

ஆக, முன்பு வேலை முடிந்தபின் வெளியே போன தகவல் இப்போது வேலையின் நடுவில் வந்து நிற்கிறது. பதில் வந்தால்தான் அடுத்த அடி. ஆனால் கீழே ஓடுகிற கேபிளும், கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டியும், முதலாளி மின்னஞ்சல் பார்ப்பதற்காக ஒரு காலத்தில் போட்டவை.

அகலம் வேறு, தாமதம் வேறு

ஒரு இ-வே பில்லுக்காகப் போய்வருகிற தகவல் சில கிலோபைட்தான். காலையில் சித்தப்பா அனுப்பும் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. எனவே அகலம் போதவில்லை என்பது பெரும்பாலும் தவறான நோய்க்கணிப்பு.

தூரமும் காரணமில்லை. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. மன்னார்குடியிலிருந்து சென்னைக்குப் போய்வர நாலைந்து மில்லி நொடி போதும். இழை வளைந்து வளைந்து போவதையும் வழியிலுள்ள ரூட்டர்களையும் சேர்த்தாலும் இருபதைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. விதிவிலக்கு பழைய வி-சாட். அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வருவதற்குள் அரை நொடி போய்விடும். எத்தனை பணம் கொடுத்தாலும் அதைக் குறைக்க முடியாது, அது ஒளியின் வேகம்.

அப்படியானால் வட்டம் ஏன் சுற்றுகிறது? ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது நேராகப் பக்கம் வந்துவிடுவதில்லை. முகவரி கேட்க வேண்டும், எதிர்முனையோடு கைகுலுக்க வேண்டும், ரகசியக் குறியீட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு முறை போய்வந்த பிறகுதான் உண்மையான தகவல் கிளம்பும். ஒரு நடைக்கு 20 மில்லி நொடி என்றால் மொத்தம் 80, யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே நடை 800 ஆகிவிட்டால் மூன்று நொடி போய்விட்டது, பக்கம் இன்னும் வர ஆரம்பிக்கவே இல்லை.

இருபது எண்ணூறு ஆவது வரிசையால். மன்னார்குடி ஆலையில் 16 கேமராக்கள். முதலாளியின் மகன் கோயம்புத்தூரில் இருந்தபடி பார்க்க வேண்டும் என்று எல்லாப் படமும் க்ளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்று வைத்தாலும் 32 ஆகிறது. அவர் சொன்ன நூறு என்பது கீழே இறங்கும் திசை. அவர் எடுத்த திட்டத்தில் மேலே ஏற்றும் திசைக்குப் பத்துதான். பத்து கொள்ளும் கண்ணி வாய்க்காலில் முப்பத்திரண்டைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? ரூட்டர் எதையும் கீழே போட மனமில்லாமல் தன் நினைவகத்தில் தேக்கி வைக்கும். ஒரு மெகாபைட், அதாவது எட்டு மெகாபிட், தேங்கினால், 10 எம்பிபிஎஸ்-ல் அது வடிய 0.8 நொடி. இ-வே பில்லின் தகவலைச் சுமந்த அந்தப் பொடிப் பொட்டலம் இந்தத் தேக்கத்தின் கடைசியில் போய் நிற்கும்.

2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி வல்லுநர் தன் வீட்டு லைனிலேயே இதைக் கண்டு துருவி, ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர் வைத்தார். நினைவகச் சில்லு மலிவாக ஆக, ரூட்டர் செய்பவர்கள் உள்ளே பெரிய பெரிய குட்டையாக வெட்டி வைத்துவிட்டார்கள். தண்ணீர் வீணாகக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். கடைசியில் எல்லாமே குட்டையில் நிற்கிறது.

வைத்தியம் டெல்டாவுக்குப் புதிதல்ல, முறை வைப்பதுதான். கேமராக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு எம்பிபிஎஸ்-க்கு மேல் கிடையாது என்று கட்டிவிட்டு, பில்லை முன்னால் விட வேண்டும். அத்தோடு, மேலே ஏற்றும் அளவை லைனின் உண்மையான கொள்ளளவுக்குக் கொஞ்சம் கீழேயே நம் ரூட்டரில் நிறுத்திவிட வேண்டும். அப்போது வரிசை நம் கண்ணெதிரே, நம் கட்டுப்பாட்டில் நிற்கும். ‘க்யூஓஎஸ்’ என்று விற்பனையாளர்கள் சொல்வது இதைத்தான். தொலைபேசிப் பேச்சைச் சுமக்கும் பொட்டலத்துக்கு, ‘இதை முதலில் விடு’ என்பதற்காக 46 என்று ஒரு குறி போடும் வழக்கமும் உண்டு. ஆனால் அந்தக் குறியை மதிப்பது நம் சொந்த நெட்வொர்க்கும், காசு கொடுத்து வாங்கிய எம்பிஎல்எஸ் என்கிற தனி இணைப்பும்தான். பொது இணையத்தில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. எனவே முறையை நம் வாசலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ரூட்டர் ஓரளவு நல்லதாக இருந்தால் இது ஒரு மணி நேர வேலை.

தண்ணீர் உவமை இந்த இடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிந்தி வந்த தண்ணீரும் பயிருக்கு ஆகும். பிந்தி வந்த பேச்சு ஆகாது. இணையவழித் தொலைபேசியில் குரலை 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கி நொடிக்கு ஐம்பது அனுப்புகிறார்கள். வாயிலிருந்து காதுக்கு 150 மில்லி நொடிக்குள் போனால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் ரொம்பவும் பிந்திய துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். யுபிஐ-யில் பிந்துவது இன்னும் மோசம். வாடிக்கையாளர் “போயிடுச்சு” என்பார், கடைக்காரர் “வரல” என்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் வெற்றி பெற்றதற்கு என் கணக்கில் ஒரே காரணம்தான்: அது கடையின் நெட்வொர்க்கை நம்பவில்லை, தனக்கென்று ஒரு சிம் வைத்திருக்கிறது.

முதலில் தூர்வார வேண்டும்

நான் எப்போதும் கடைமடையிலிருந்துதான் தொடங்குவேன். எந்த மேசையில் வட்டம் சுற்றுகிறதோ அங்கேயே உட்கார்ந்து, மடிக்கணினியைச் செருகி, முதலில் நம் ரூட்டருக்கு ‘பிங்’, அதாவது பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனைப் பொட்டலம், அனுப்பிப் பார்ப்பது. அடுத்து லைன் கொடுத்தவரின் முதல் வாசலுக்கு. அதற்கும் அடுத்து வெளியே. எந்தப் படியில் எண் எகிறுகிறதோ அங்கே நோய். நம் ரூட்டருக்கு ஒரு மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும். மன்னார்குடி எடைமேடையில் அது நாற்பது வரை குதித்தது, பத்துப் பொட்டலத்தில் ஒன்று திரும்பவே இல்லை. கேமராவை நிறுத்திப் பார்த்தும் அப்படியேதான். ஆலையின் சுற்றுச்சுவருக்குள்ளேயே, லைன்காரருக்குச் சம்பந்தமில்லாத இரண்டாவது நோய் ஒன்று இருந்தது.

பத்தில் ஒன்று தொலைந்தால் என்ன, திரும்ப அனுப்பினால் போயிற்று என்று தோன்றும். ஆனால் கைகுலுக்கும் முதல் பொட்டலமே தொலைந்தால், மறுபடி அனுப்புவதற்கு முன் கணினி பொதுவாக ஒரு முழு நொடி காத்திருக்கும். எதிர்முனை எவ்வளவு தூரம் என்று அதற்கு இன்னும் தெரியாதே. பொட்டலம் தொலைகிற ஒரு கேபிள், அகலம் எவ்வளவு இருந்தாலும் ஆளைக் காக்க வைக்கும்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அலுவலகத்திலிருந்து எடைமேடைக்கு நூற்று நாற்பது மீட்டர் இருக்கும். செப்புக் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர். அதனால் யாரோ நடுவில் பாய்லர் கொட்டகையில் ஒரு சுவிட்சை ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் மேல் விரல் கனத்துக்குத் தவிட்டுத் தூசி. இரண்டாவது துண்டு கேபிள் மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, ஓரிடத்தில் அறுந்ததைத் திருகி டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தது. முதலாளியிடம் காட்டினேன். “இது யாரு செஞ்ச வேலை?” என்றார். யாருக்கும் தெரியவில்லை.

கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் இழுப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். ஐப்பசி இடி ஒன்று போதும், கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் கருகிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, நூறு மீட்டர் வரம்பும் அதற்கு இல்லை. இன்று இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை.

தூர்வாருவதில் இன்னொரு பகுதி, வரப்புப் பிரிப்பது. பெரும்பாலான இடங்களில் பில் கணினி, கேமரா, கடைக்கு வருபவர்களின் வைஃபை, முதலாளி வீட்டு டிவி எல்லாம் ஒரே வயல். ஒருவர் கூப்பிட்டால் எல்லோருக்கும் கேட்கும், ஒருவருக்கு வந்த நோய் எல்லோருக்கும் பரவும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு தொங்கும் கேமராவின் வழியாகக் கணக்கு சர்வரைத் தொட முடிகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். ‘வி-லான்’ என்கிற முறையில் ஒரே சுவிட்சில் இவற்றைத் தனித்தனி வரப்புக்குள் வைக்கலாம்.

தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடை, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. கூட்டம் படிக்கட்டு வரை நிற்கிறது, மூன்று தளத்திலும் பில் போடுவது ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. என்ன நடந்தது என்றால், பெருக்க வந்தவர் தரையில் கிடந்த கேபிள் முனையை “கழண்டு கிடக்குதே” என்று நல்லெண்ணத்தில் சுவிட்சில் செருகியிருக்கிறார். மறுமுனை அதே சுவிட்சில்தான் இருந்தது. எல்லோருக்குமாகக் கூவுகிற பொட்டலம் ஒன்று அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்த நெட்வொர்க்கையும் மூச்சுத் திணறடித்துவிட்டது. இந்த வளையத்தைத் தானே கண்டு ஒரு கிளையை மூடிவைக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் என்ற கணினி வல்லுநர் 1985-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். ஆயிரம் ரூபாய் சுவிட்சுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. அந்தக் கேபிளைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, ஏனென்றால் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு தாளில்கூட எழுதி வைத்திருக்கவில்லை. நம் ஊரில் ஒவ்வொரு கண்ணி வாய்க்காலுக்கும் பெயர் உண்டு, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கருக்கு எந்த மதகு எந்த ஊருக்கு என்று மனப்பாடம். கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் கடைக்கு மட்டும் வரைபடம் கிடையாது.

இரண்டு லைன், ஒரே கம்பம்

உடனுக்குடன் வியாபாரம் என்றால் லைன் நிற்கக் கூடாது. அதனால் இரண்டு கம்பெனியில் லைன் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள்: இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது தென்னையோடு சேர்ந்து கம்பங்களும் சாய்ந்தன. கம்பம் சாய்ந்தால் அதில் இரண்டு லைன் இருந்தால் என்ன, இருபது இருந்தால் என்ன? சிம் இருக்கிறதே என்றால், டவருக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரியும் டீசலும் தீரும் வரைதான் அதன் ஆயுள். லைன் கொடுக்க வருபவரிடம் வேகத்தைக் கேட்கும் முன், கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேளுங்கள்.

ஒரு லைன் போய் மற்றது ஏறும்போது வெளி முகவரி மாறிவிடும், அதனால் திறந்திருந்த இணைப்புகள் அறுந்து ஊழியர் மறுபடி உள்ளே நுழைய வேண்டியிருக்கும். அப்படி அறுபடாமல் பார்த்துக்கொள்ள, பல லைன்களை ஒன்றாக நிர்வகிக்கும் ‘எஸ்டி-வான்’ வந்திருக்கிறது. பத்துக் கிளை உள்ளவருக்கு அது காசுக்குத் தகும். ஒரே ஆலை வைத்திருப்பவருக்கு அதை விற்க வருபவரிடம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்; இரண்டு லைன் ஏற்கும் ரூட்டரே போதும். யுபிஎஸ் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: கணினிக்கு இருக்கும், ரூட்டருக்கு இருக்கும், பாய்லர் கொட்டகையில் நடுவில் தொங்கும் சுவிட்சுக்கு இருக்காது.

எல்லாம் போய்விட்டால்? இ-வே பில்லை எஸ்எம்எஸ் மூலமும் எடுக்கலாம், முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தால். அதைப் பதிவு செய்து வைத்திருக்கும் ஆலைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லாமே அந்த நொடியே வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கி இதில் தெளிவு. 2 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பணத்துக்கு ஆர்டிஜிஎஸ், ஒவ்வொன்றாக, உடனுக்குடன். 2020 டிசம்பரிலிருந்து இரவும் பகலும். நெஃப்ட் 2019 டிசம்பரிலேயே இருபத்து நாலு மணி நேரமும் என்றாகிவிட்டது, ஆனாலும் அரை மணிக்கு ஒரு பேட்ச் என்று நாளுக்கு 48 முறைதான் தீர்க்கிறது. பில், இ-வே பில், பணம் வந்த செய்தி ஆகியவை அந்த நொடியே வேண்டும். கிளையின் இருப்புக் கணக்கு அரை மணிக்கு ஒருமுறை வந்தால் எந்தப் பாத்திரமும் கறுத்துவிடாது. கணினிப் புதுப்பிப்பும் பேக்கப்பும் இரவு இரண்டு மணிக்கு ஓடட்டும்.

மேட்டூர்ப் பக்கம், அதாவது லைன் வருகிற பக்கம், நிலைமை மேம்பட்டுத்தான் வருகிறது. 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் பாரத்நெட் திட்டம் நடக்கிறது, தஞ்சாவூரில் 2024-ல் நியோ டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் திறந்தாயிற்று.

மன்னார்குடி ஆலையில் எடைமேடைக்கு ஒரே நீட்டாக இழை போட்டோம். பாய்லர் கொட்டகைச் சுவிட்சைக் கழற்றினோம். கேமராக்களைத் தனி வரப்பில் தள்ளி முறை வைத்தோம். மகனுக்கு இரண்டு கேமரா மட்டும் நேரடியாக, மற்றவை ஆலைக்குள்ளேயே பதிவாகும் பெட்டியில். நூறு எம்பி லைன் நூறாகவே இருக்கிறது. அடுத்த வாரம் போனபோது அதே ஓட்டுநர். துண்டை உதறி விரிக்கும் முன்பே கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.